உப்புக் காற்றில் ஒரு வருட உரிமம்

கோடியக்கரைப் பக்கம் இரும்பு நிலைக்காது. சைக்கிள் செயின், சன்னல் கம்பி, கிணற்று உருளை என்று எதையும் விடாமல் உப்பங்காற்று மெல்லத் தின்றுவிடும். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகிற சாலையில் அகத்தியன்பள்ளியை ஒட்டி இருபுறமும் உப்புப் பாத்திகள். வெயில் காலத்தில் பைக்கில் போய்விட்டு வந்து உதட்டை நக்கினால் கரிக்கும். இந்த ஊரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கக் கடை போட்டவனுக்கு முதல் எதிரி யாரென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கடைக்கு வந்தவர்கள் யாரும் உப்பைக் குற்றம் சொன்னதில்லை. சி.பி.யு.வை மொபெட்டில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, "தம்பி, வைரஸ் ஏறிடிச்சு" என்பார்கள்.

மூடியைக் கழற்றி ராமை உருவிப் பார்த்தால், தங்க நிறப் பற்களின் ஓரத்தில் லேசாகப் பச்சை பூத்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பரை எடுத்து ஒரே பக்கமாகத் தேய்ப்பேன். துகளை ஊதிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் ஸ்லாட்டைத் தட்டிவிட்டு அழுத்தினால் இரண்டு பக்கக் காதும் டக்கென்று மூடிக்கொள்ளும். ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்துவிடும். நூறு ரூபாய் கேட்டால் அங்கேதான் சண்டை. "ரப்பர் வச்சித் தேச்சதுக்கு நூறா?" அதே மனிதர், கண்ணாடி அலமாரியில் இருக்கும் ஆன்டிவைரஸ் டப்பாவைக் கைகாட்டி, "அத ஒண்ணு போட்டு வுட்ரு தம்பி" என்று ஆயிரம் ரூபாயைப் பேரம் பேசாமல் எடுத்து வைப்பார். டப்பாவுக்கு இருந்த மரியாதை ரப்பருக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை.

அந்த டப்பாவை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. உள்ளே ஒரு சிடி, ஒரு சின்னக் கையேடு, நாணயத்தால் சுரண்டிப் பார்க்கிற எண்கள். சுரண்டும்போது அழுத்திவிட்டால் எண்ணும் சேர்ந்து போய்விடும். எட்டா மூன்றா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆயுத பூசைக்குத்தான் டப்பா விற்கும். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு முழம் கதம்பம், கூடவே ஆன்டிவைரஸ். ஆகவே எங்கள் ஊரில் முக்கால்வாசி கம்ப்யூட்டர்களுக்கு உரிமம் முடிகிற மாதமும் புரட்டாசி ஐப்பசிதான். சதுப்பு நிலங்களில் பூநாரையும் உள்ளானும் வந்து இறங்கும் நேரம். கோடியக்கரைக் கடற்கரையில் வெளியூர் மீனவர்கள் குடிசை போடும் நேரம். திரையின் வலது மூலையில் சிவப்புப் பெட்டி எழுந்து, "உங்கள் பாதுகாப்பு முடியப் போகிறது" என்று மிரட்டத் தொடங்கும் நேரமும் அதுவே.

அந்த மிரட்டலில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது. முதல் டப்பாவில் பெரிய லாபம் கிடையாது. இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம், பயந்துபோய்த் தானாக வந்து கட்டுகிறானே, அங்கேதான் காசு.

இந்தத் தொழிலில் நம்மவர்களும் முன்னால் நின்றவர்கள்தான். கே7 சென்னைக் கம்பெனி. கேசவர்த்தனன் 1991-இல் தொடங்கியது. குவிக் ஹீல் புனேயிலிருந்து வந்தது. கால்குலேட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சயும் வளர்த்த கம்பெனி. ரிப்பேர்க் கடைக்காரன் ஒருவன் அவ்வளவு உயரத்துக்குப் போனான் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை, பங்கு ஒன்றும் இல்லையென்றாலும். கே7-க்கு ஒரு வேடிக்கையான கிளைக்கதை உண்டு. ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற கம்பெனி, கே7-இன் என்ஜினை உள்ளே வைத்து 2006-இல் ஒரு ஆன்டிவைரஸ் விற்றது. அதன் பெயரிலேயே ஜீரோ என்று இருந்தது. புதுப்பிக்கும் கட்டணம் பூஜ்யம். ஒருமுறை வாங்கினால் போதும். வருடா வருடம் கட்ட வேண்டாம். சென்னையில் எழுதிய சரக்கு டோக்கியோவில் ரினியூவல் இல்லாமல் விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், வேதாரண்யத்தில் நான் ரினியூவல் கார்டு சுரண்டிக்கொண்டிருந்தேன்.

சுரண்டிக் காசு கட்டுவதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அகத்தியன்பள்ளியில் நிற்கிற உப்புச் சத்தியாகிரக ஸ்தூபி நினைவுக்கு வருகிறது. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். வருகிற வழியில் இவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். மரக்கிளையில் சோற்று மூட்டையைக் கட்டிவிட்டு, எங்கே தொங்குகிறது என்று மட்டும் சொல்லி அனுப்பிய ஊர்கள் தஞ்சை ஜில்லாவில் இருந்தன. போலீஸ்காரருக்குப் பாதி முகச்சவரம் செய்துகொண்டிருந்த வைரப்பன், அவர் யாரென்று தெரிந்ததும் மீதியைச் செய்ய மாட்டேன் என்று கத்தியை மடக்கிவிட்ட கதையை எங்கள் ஊரில் சொல்லாதவர்கள் இல்லை. அந்த உப்பு வரிச் சண்டை பணத்தின் அளவைப் பற்றியது இல்லை. நம் மண்ணில் தானாகப் பூத்துக் கிடப்பதற்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஆன்டிவைரஸ் கம்பெனிகளை வெள்ளைக்காரனோடு சேர்ப்பது அநியாயம். அவர்கள் உழைத்துத்தான் சம்பாதிக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்வியை இங்கே கேட்கத்தான் வேண்டும். 2009 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸை இலவசமாக விட்டது. அசல் விண்டோஸ் வைத்திருந்தால் போதும். மறு வருடம், பத்துக் கம்ப்யூட்டர் வரை உள்ள சிறு கடைகளும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது டிஃபென்டர் என்ற பெயரில் உள்ளேயே வருகிறது. தொடக்கத்தில் சோதனைக்கூடங்களின் பட்டியலில் அது கடைசி வரிசையில்தான் நின்றது, உண்மை. இன்று ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இரண்டும் வெளியிடுகிற முடிவுகளில் காசு கொடுத்து வாங்குகிறவற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அந்த முடிவுகளையும் யாரும் காசில்லாமல் படிக்கலாம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், பிள்ளை படிக்க, கரன்ட் பில் கட்ட, படம் பார்க்க என்றால், என் தீர்ப்பு: புதுப்பிக்க வேண்டாம். ஆனால் காலாவதியான ஆன்டிவைரஸைச் சிவப்புப் பெட்டியோடு அப்படியே விட்டுவைக்கக் கூடாது. அதை முழுதாக நீக்கிவிட வேண்டும். நீக்கினால் டிஃபென்டர் தானாக எழுந்து வேலையைப் பார்க்கும்.

கடைக்காரனாக இதைச் சொன்ன காலத்தில் வியாபாரம் குறைந்தது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஊர் சின்னது, டீக்கடையில் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

எல்லாக் காலத்துக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஆன்டிவைரஸ் இல்லாமல் கடை நடத்த முடியாது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம், படகுப் பதிவு, சாதிச் சான்று என்று விண்ணப்பம் அடிக்க வருகிறவர்கள் எல்லோரும் பென்டிரைவோடு வருவார்கள். ஒரு பென்டிரைவ் பத்துக் கடை பார்த்திருக்கும். செருகின உடனே ஃபோல்டர் படம் போட்ட ஒரு ஃபைல், பெயர் நியூ ஃபோல்டர், கடைசியில் டாட் இஎக்ஸ்இ. ஃபோல்டர்தானே என்று திறந்தால் முடிந்தது. அடுத்துச் செருகுகிற ஒவ்வொரு பென்டிரைவிலும் அதுவே ஏறும். சொந்த ஃபைல்கள் எல்லாம் மறைந்து, அவை இருந்த இடத்தில் ஷார்ட்கட்டுகள் மட்டும் இருக்கும். மகள் கல்யாணப் போட்டோ எல்லாம் போய்விட்டது என்று ஒரு அம்மா கடை வாசலில் உட்கார்ந்து அழுதார். போகவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்ததும் எல்லாம் திரும்பி வந்தன. "நீ நல்லா இருப்ப தம்பி" என்று மடியிலிருந்து இரண்டு கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டுப் போனார். பென்டிரைவ் வழியாகப் பரவிய தொற்றுகளை வெகுவாகக் குறைத்ததில் ஒரு இலவச அடைப்புக்கும் பங்கு உண்டு. பென்டிரைவ் செருகினால் உள்ளே இருப்பது தானாக ஓடும் வசதியை விண்டோஸ் 7-இல் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் அதே அடைப்பை அனுப்பியது. இலவச அப்டேட் அது. ஆனால் எங்கள் பக்கத்தில் நெட் கார்டு டேட்டா தீர்ந்துவிடும் என்று எல்லோரும் அப்டேட்டை நிறுத்தியல்லவா வைத்திருந்தோம்.

2017-இலும் அதே கதை. மே 12-ஆம் தேதி வான்னாக்ரை உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் விட்டிருந்தது. போட்டவன் தப்பித்தான். கள்ள விண்டோஸ் வைத்திருந்தவர்கள் அப்டேட் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து போடாமலே இருந்தார்கள். ஆன்டிவைரஸுக்கே கிராக் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பூட்டைக் கள்ளச் சாவி விற்கிறவனிடமே வாங்கி மாட்டிய மாதிரி. அந்த கிராக் ஃபைலுக்குள்தான் வைரஸ் உட்கார்ந்திருந்தது.

வைரஸே வேண்டாம் என்று வேறு வழி போனவர்களும் நம் பக்கத்தில் உண்டு. திருவாரூரில் கலெக்டராக இருந்தபோது அலுவலகங்களைக் கம்ப்யூட்டர்மயமாக்கிய உமாசங்கர், பிறகு தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக வந்ததும் அங்குள்ள கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றினார். 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினியிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் தயாரிப்பு அது. பிள்ளைகள் அதைத் திறக்கவே மாட்டார்கள். கடைக்குக் கொண்டுவந்து, "அண்ணே, இதை அழிச்சிட்டு அந்த எடத்தையும் கேமுக்குக் கொடுங்கண்ணே" என்பார்கள். ஓர் உப்பு வியாபாரி மட்டும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போடச் சொல்லி, கடிதம் அடிப்பதையும் மெயில் பார்ப்பதையும் அதிலேயே பல வருடம் ஓட்டினார். ரினியூவல் என்ற பேச்சே அவரிடம் எழவில்லை. கணக்குக்கு டேலி வேண்டும் என்றபோதுதான் விண்டோஸுக்குத் திரும்பினார்.

அவரை நினைத்தால் கஜா புயலும் நினைவுக்கு வந்துவிடும். 2018 நவம்பர் 16 விடிகாலை. தென்னை, மா, சவுக்கு, முந்திரி எல்லாம் சாய்ந்து, மின்கம்பம் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்காத ஊராகிவிட்டது. எங்கள் பக்கம் கரன்ட் வர வாரக்கணக்கானது. உள்கிராமங்களுக்கு இன்னும் அதிகம். ஓடு பறந்த கடைகளில் கம்ப்யூட்டர்கள் நனைந்து கிடந்தன. அப்போது ஆயுத பூசை முடிந்து ஒரு மாதம்தான். ஊர் முழுக்கப் புது உரிமம். கம்ப்யூட்டர் செத்துக் கிடக்க, உரிமத்தின் நாட்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. வருடக் கணக்கில் எழுதுகிற உரிமத்துக்குப் புயலும் தெரியாது, இருட்டும் தெரியாது.

உப்பு வியாபாரியின் ஹார்டு டிஸ்க்கிலும் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனால் டேலி கணக்கை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பென்டிரைவில் எடுத்து, பூசை மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைப்பது அவர் வழக்கம். டப்பாவைத் திறந்தார், துணியில் சுற்றியது சுற்றியபடி இருந்தது. பாத்திக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி வரைக்கும் அதில் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் மூன்று வருட உரிமம் ஒரேயடியாக வாங்கி வைத்திருந்தார், நகல் வைத்திருக்கவில்லை. அவருக்கு எதையும் மீட்க முடியவில்லை.

ஆகவே பணம் எதற்குக் கொடுக்கலாம் என்று கேட்டால் கொடுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள் என்பேன். பல பேர் கைபடுகிற கடை, ஊரார் பென்டிரைவ் எல்லாம் செருகுகிற இடம், நாலைந்து கம்ப்யூட்டர் வைத்து நடத்துகிற கணக்கு அலுவலகம் இவர்கள் வாங்கட்டும். ஆனால் வாங்குகிற விதம் இருக்கிறது. சிவப்புப் பெட்டிக்குள் இருக்கிற 'இப்போதே புதுப்பிக்கவும்' பொத்தானை அழுத்தவே கூடாது. அங்கே காட்டுகிற விலை பெரும்பாலும் முழு விலை. அதே சரக்கு, அதே கம்பெனி, புது வாடிக்கையாளருக்கு வெளியே பல நேரம் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். புது கீ வாங்கிப் போட்டால் பழைய நாட்கள் கூடுமா, போய்விடுமா என்று மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐந்து கம்ப்யூட்டருக்கான உரிமத்தை வாங்கி அண்ணன் தம்பி வீடுகளில் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு விழுகிற தொகை சொற்பம். விலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் உண்டு. பதிவு செய்த வியாபாரி பில் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்ளலாம். பில் வேண்டாம் என்று பத்து ரூபாய் குறைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் ஒரு நாள் போனில் கத்தினான். "மாமா, போன வருசம் சலுகை வெலைன்னு குடுத்தான். இந்த வருசம் கேக்காமயே முழு வெலையையும் கார்டுல எடுத்துட்டான்." கார்டைக் கொடுத்துவைத்தது நீதானேடா என்றேன். பெயர் வேண்டாம், பெரிய கம்பெனிதான். அன்றைக்கே எழுதிக் கேட்கச் சொன்னேன்; திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்டால் பலரும் தருவார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. இப்படிக் கேட்காமல் பணம் எடுப்பது உலகளாவிய வழக்கம். தானாகப் புதுப்பிப்பதைச் சரியாகச் சொல்லாமல் பணம் எடுத்ததற்காக 2009-இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் முன்னால் சைமன்டெக்கும் மெக்கஃபியும் தலைக்கு 3,75,000 டாலர் கட்டின. 2021-இல் பிரிட்டனின் போட்டி ஆணையம் மெக்கஃபி, நார்ட்டன் இரண்டிடமும் இது குறித்து உறுதிமொழி எழுதி வாங்கியது. இங்கே ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுக்கலாம். ஆன்டிவைரஸ் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அந்தத் தகவல் வந்த அன்றே நிறுத்தாவிட்டால் பணத்தை எடுத்துவிடுவார்கள், பிறகு திருப்பிக் கேட்டு அலைய வேண்டும்.

இலவசம் என்று எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொள்வதும் கூடாது. அவாஸ்ட் தன் பயனாளர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பதைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றது அம்பலமாகி, 2024-இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 1.65 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. தொற்று வந்துவிட்டதாகச் சந்தேகம் இருந்தால், மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவில் சுத்தம் செய்யும் கருவிகள் காசில்லாமல் கிடைக்கின்றன.

இப்போது வருகிற மிரட்டல் வேறு மாதிரி. உரிமமே இல்லாத ஆளுக்கு, "உங்கள் ஆன்டிவைரஸ் புதுப்பிக்கப்பட்டது, இத்தனை ஆயிரம் பிடிக்கப்பட்டது, வேண்டாமென்றால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று மெயில் வருகிறது. பதறி அழைத்தால், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து கையில் எடுத்துக்கொண்டு கணக்கைத் துடைத்துவிடுவார்கள். அமெரிக்கக் கிழவர்களை இப்படி ஏமாற்றிய கால் சென்டர்கள் பல நம் நாட்டில்தான் இருந்தன. 2022-இலும் 2023-இலும் ஆபரேஷன் சக்ரா என்று சிபிஐ தேடிப் பிடித்தது. பணம் போய்விட்டால் கூப்பிட வேண்டிய தேசிய எண் 1930. வேதாரண்யத்துக்காரனுக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்டேட் நின்ற விண்டோஸில் எவ்வளவு விலையுள்ள ஆன்டிவைரஸைப் போட்டாலும் ஓட்டை ஓட்டைதான். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை நீட்டித்துத் தருகிறார்கள். 30 டாலர் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை நகலெடுத்து வைக்க ஒப்புக்கொண்டால் கட்டணமே இல்லை. விண்டோஸ் 10 வைத்துக்கொண்டு ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கப் பணத்தை எடுத்து வைத்திருப்பவர்கள், முதலில் செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தைத் திறந்து அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பணத்துக்கு ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, இந்த வாரமே நகல் எடுத்துவிடுங்கள்.